மாப்பிள்ளை அறைக் குளவிக்கூடு

கல்முனைக் கடைத்தெருவில் நின்று "அப்துல் கபூர்!" என்று ஒரு குரல் விட்டால் மூன்று கடைகளிலிருந்தும் ஒரு முச்சக்கர வண்டியிலிருந்தும் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தச் சிக்கலை ஊர் எப்போதோ தீர்த்துவிட்டது. ஆளுக்கொரு முன்பெயர். இரும்புக் கபூர் இருக்கிறார். கொழும்புக் கபூர் இருக்கிறார். கொழும்புக்கு ஒரேயொரு தடவை போய் அன்றைக்கே திரும்பி வந்தவர். நம்முடைய ஆள் முப்பத்தொரு வருடம் மீற்றர் கபூராக இருந்து, ஓய்வு பெற்ற நான்காம் மாதம் பூச்சிக் கபூர் ஆனார். இதைப் பதவி உயர்வு என்று சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு மட்டும் அப்படித்தான் பட்டது.

மின்சார மீற்றர் பார்ப்பதுதான் அவருடைய தொழில். மருதமுனையிலிருந்து காரைதீவு வரை அவர் கால் படாத வளவு இல்லை. எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். மீற்றர் பெட்டியைத் திறந்தால் இலக்கம் தெரிவதற்கு முன் உள்ளே வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் ஆட்கள்தான் தெரிவார்கள்: பல்லி முட்டை, எறும்பு, இலக்கத்தின் மேலேயே மண்ணால் பூசி வைத்த குளவிக்கூடு. இலக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் கூடு போக வேண்டும். இடுப்பில் இருந்த திருப்புளியால் ஒரு சுரண்டல். வருடத்துக்கு நாற்பது என்று வைத்தாலும் ஆயிரத்துக்கு மேல் வீடுகளை இடித்த கை அது. உள்ளே என்ன இருந்தது என்று ஒரு தடவையாவது குனிந்து பார்த்தாரா? இல்லை. அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிடும்.

ஒரேயொரு தடவை மட்டும், மருதமுனையில் ஒரு பெட்டியைத் திறந்தபோது, பச்சையும் நீலமுமாக ஏதோ ஒன்று பெருநாள் உடுப்பு உடுத்த மாதிரி மினுங்கிக்கொண்டு வெளியே வந்து, அவர் மூக்கடியால் பறந்து போனது. அவர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார், கபூரைப் பார்த்தார். "மீற்றரப் பாத்தீங்களா காக்கா?" என்று மூத்த அண்ணனிடம் கேட்கிற பணிவோடு கேட்டார். அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு கணக்குத் தீர்க்கிற மாதிரி ஒரு வேகம் வந்துவிட்டது. மகள் ஸப்னா வாங்கிக் கொடுத்த போனும், அதன் கண்ணில் கொழுவும் சின்னக் கண்ணாடியுமாக அவர் எலுமிச்சை மரத்தடியில் குந்தினால் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குத்தான் எழும்புவார். பறவை எச்சம் மாதிரிக் கிடக்கும் புழு வண்ணத்துப்பூச்சியாகும் என்பதை அவர் நிரூபித்தார். நிரூபிப்பதற்குள் மரத்தில் இலை இல்லாமல் போயிற்று. சுபஹு தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் வீரமுனைப் பக்க வயலுக்குப் போய் வரம்பில் இருந்து தும்பி பார்த்தார். சிறகை விரித்துக்கொண்டு இருப்பது ஒரு சாதி, மடித்துக்கொண்டு இருப்பது இன்னொரு சாதி. முதல் வாரம் விவசாயிகள் அவரைக் காணி அளக்க வந்தவர் என்று நினைத்தார்கள். இரண்டாம் வாரம் வெள்ள நட்டஈட்டுக்குப் பெயர் பதிய வந்தவர் என்று ஒருவர் அடையாள அட்டையின் பிரதியோடு வந்து நின்றார். பூச்சி பார்க்கத்தான் வந்தேன் என்று கபூர் சொன்னபோது, சொல்ல விருப்பமில்லாத ஏதோ பெரிய விசயம் என்று அவர்களாகவே முடிவு செய்து தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்கள்.

தேத்தண்ணிக் கடையிலும் அவர் வாய் சும்மா கிடக்கவில்லை. மழைக்கு வரும் சிவப்புத் தம்பளப்பூச்சிக்கு எட்டுக் கால், ஆகையால் அது பூச்சியே இல்லை என்று ஒரு நாள் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர் ரொட்டியை மென்றபடி, "அப்ப என்ன காக்கா, மாடா?" என்றார்.

பார்த்ததையெல்லாம் அவர் ஒரு கொப்பியில் எழுதினார். எழுதும் முறை ஒன்றுதான் அவருக்குத் தெரியும்: முந்திய வாசிப்பு, இன்றைய வாசிப்பு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான பாவனை. "இடம்: முருங்கை. முந்திய வாசிப்பு: மசுக்குட்டிப் புழு 14. இன்றைய வாசிப்பு: 9. பாவனை: 5. குறிப்பு: காகம்." இப்படி நான்கு கொப்பிகள்.

இனி வீட்டு விசயம். எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுத்த உடுப்போடு வந்து ஏறுகிறவர். கபூரும் முப்பத்துநான்கு வருடத்துக்கு முன் சபியா உம்மாவின் வீட்டில் அப்படித்தான் வந்து ஏறினார். மரமும் வளவும் கிணறும் சபியா உம்மாவுடையவை. கபூருடையவை மோட்டார் சைக்கிளும் பூச்சிகளும். பெண் பிள்ளை பிறந்தால் ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஆகவே அவர் அதே வளவின் முன்பக்கத்தில் ஸப்னாவுக்கென்று பதினொரு வருடமாகக் கட்டி, கடைசியில் கூரையும் போட்டு, இப்போது கதவு யன்னல் வேலையில் வந்து நின்றார். மாப்பிள்ளை அக்கரைப்பற்று, பெயர் அஸ்கி, வங்கியில் வேலை. நிக்காஹ்வுக்கு இன்னும் இரண்டு மாதம்.

தச்சர் யன்னல் கதவு கொண்டுவர மூன்று வாரம் சுணங்கினார். அந்தத் திறந்த யன்னலால்தான் அவள் வந்தாள்.

கறுப்பு உடம்பு, மஞ்சள் கால், நூல் மாதிரி இடுப்பு. வாயில் ஈர மண் உருண்டை. மாப்பிள்ளை அறையின் கதவுநிலைக்கு மேலே, சுவரில் பூசத் தொடங்கினாள். கபூர் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எதிரே இருந்தார். ஒரு அறை கட்டி, சிலந்திகளைக் கொத்தி மயக்கிக் கொண்டுவந்து உள்ளே அடுக்கி, ஒரு முட்டை இட்டு, வாசலைப் பூசிவிட்டு, அடுத்த அறை. பிள்ளைக்கொரு அறை, அறைக்குள் சாப்பாட்டுச் சாமான், பூட்டு. பதினொரு வருடம் சீமெந்துப் பேக் சுமந்த மனுசன் ஸ்டூலை இன்னும் ஒரு சாண் கிட்ட இழுத்துக்கொண்டார்.

"இடம்: மாப்பிள்ளை அறை. முந்திய வாசிப்பு: 4 அறை. இன்றைய வாசிப்பு: 5. பாவனை: 1." மறுநாள் ஒரு குறிப்பு: "ஐந்தாம் அறையில் ஒரு சின்ன வட்டம். மண்ணின் நிறம் கொஞ்சம் வேறு. தாய் திருத்தியிருக்கிறது." ஏழு அறை முடிந்ததும் முழுவதையும் மேலால் ஒரு பூச்சுப் பூசிவிட்டு அவள் போய்விட்டாள். பேஸ்புக்கில் பூச்சிக் குழுவொன்றில் படத்தைப் போட்டுக் கேட்டார். சிலந்தி பிடிக்கும் மண்குளவி என்றார்கள். மூன்று நாலு கிழமையில் குஞ்சு வெளியே வரும், உடைக்காமல் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

உடைக்காமல் இருந்தால். ஆயிரம் கூடு உடைத்தவரிடம் சொன்ன வார்த்தை. கபூர் மனதுக்குள் நிய்யத்து வைத்துவிட்டார்: இந்த ஒரு கூடு தானாகத் திறக்கிறதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதற்குத் தடையாக வந்தது பெயின்ற்.

நிரோசன் பாண்டிருப்பைச் சேர்ந்த பெயின்ற் வேலைக்காரர். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். அறை முழுவதும் பிஸ்தாப் பச்சை அடித்தார். கதவுநிலைக்கு மேலே மட்டும், அடையாள அட்டைக்குப் படம் ஒட்ட விட்ட மாதிரி, கூட்டைச் சுற்றி ஒரு சதுரம் அடிக்காமல் விட்டார். பிறகு தூரிகையைக் கழுவிக்கொண்டு சபியா உம்மாவிடம் வந்தார்.

"ராத்தா, ஒண்டு கேட்டாக் கோவிக்கமாட்டீங்களே?"

"கேளுங்க தம்பி."

"வீட்டுல ஆருக்கும் வயித்தில புள்ளையா?"

சபியா உம்மா அவருக்கு நீட்டிய தேத்தண்ணிக் கோப்பையைப் பாதி வழியில் நிறுத்தினார். "என்ன கதை தம்பி இது? இந்த வீட்டில இரிக்கிற ஒரே புள்ள குமர்ப்புள்ள!"

"இல்ல ராத்தா, குளவி கூடு கட்டியிரிக்கே, அதான் கேட்டன். எங்கட ஊரில அப்பிடித்தான் சொல்லுவாங்க. உங்கட ஊரில இல்லயாக்கும்." சொல்லிவிட்டு அவர் கோப்பையை வாங்கித் தேத்தண்ணியைக் குடித்தார்.

பாண்டிருப்புக்கும் கல்முனைக்கும் இடையில் ஒரு றோட்டுத்தான். அந்த றோட்டின் இரண்டு பக்கமும் பல விசயத்தில் கருத்து வேறுபடும். ஆனால் வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் ஒருத்திக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது என்பதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே கட்சி. சபியா உம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு புது வீட்டுக்குள் போனார். கணவர் ஸ்டூலில் ஏறி நின்று சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சே, இறங்குங்க."

"மெதுவாக் கதை. உள்ளுக்குப் புள்ளயள் படுத்திரிக்கி."

"அதத்தானே அந்தத் தம்பியும் கேக்கான்! கலியாணம் முடியாத புள்ளட அறை இது. வாற சனிக்கிழமை அஸரோட அக்கரைப்பற்றில இருந்து அவங்க வீடு பாக்க வாறாங்க. அஸ்கிட உம்மா, றாபியா மச்சிட கண் எக்ஸ்ரேக் கண். இதக் கண்டா என்ன நினைப்பாங்க?"

"குளவிக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்? யன்னல் திறந்து கிடந்திச்சி, வெளியில மண் ஈரமாக் கிடந்திச்சி, கட்டிட்டு."

"சம்பந்தம் இல்லண்டு உங்களுக்குத் தெரியும். ஊருக்கு? வீடு வீடாப் போய் மீற்றர் பாத்த மாதிரி, வீடு வீடாப் போய் இதச் சொல்லுவீங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள உடைச்சிருங்க."

கபூர் கொப்பியைப் புரட்டினார். முதல் அறை பூசி இருபத்திரண்டு நாள். சனிக்கிழமை இருபத்தாறு. இன்றோ நாளையோ, சனியோ ஞாயிறோ. "நாலு நாள் பொறு" என்றார். சபியா உம்மா பொறுக்கவில்லை.

முதலில் நிரோசனைக் கூப்பிட்டார். நிரோசன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் பெயின்ற் அடிக்கத்தான் வந்தன் ராத்தா. குளவிக்கூடு உடைச்சாப் பாவம் எண்டு எங்கட அம்மா சொல்லுவா. என்ட மனிசிக்கு இப்ப அஞ்சாம் மாசம் வேற."

பிறகு தானே தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு போனார். தடியை உயர்த்தினார். கூட்டைப் பார்த்தார். தடி தானாக இறங்கியது. ஸப்னா வயிற்றில் வருவதற்கு முன் குசினிக் கூரை வளையில் ஒரு குளவி கூடு கட்டியதையும், அதைத் தான் யாரும் தொடாமல் காவல் காத்ததையும் அவர் இன்றுவரை கணவருக்குச் சொன்னதில்லை.

"இஞ்சே!" என்று கூப்பிட்டார். "நீங்களே உடைங்க. உங்களுக்குத்தானே இதில நம்பிக்கை இல்ல. உங்களுக்குப் பாவம் புடிக்காது."

இப்படித்தான் அந்தக் கூடு உயிர் பிழைத்துக்கொண்டிருந்தது. உடைக்க மனமுள்ளவர்களெல்லாம் நம்பிக்கைக்காரர்கள், கை வரவில்லை. நம்பிக்கை இல்லாதவர் ஒருவர்தான்; அவருக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கபூர் ஒரு வட்ட மணிக்கூட்டோடு வந்தார். ஸப்னா ஏணியைப் பிடித்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவள். வாப்பாவின் கணக்குகளில் மட்டும் தலையிடுவதில்லை.

"வாப்பா, உம்மா உடைக்கச் சொன்னது. மறைக்கச் சொல்லல்ல."

"கண்ணுக்குத் தெரியாட்டி இல்லாத மாதிரித்தானே மகள்."

"அப்ப நீங்க தேடிப் புடிக்கிற பூச்சியெல்லாம்?"

கபூர் மணிக்கூட்டின் பின்னால் இரண்டு மரச் சிராய்களைச் செருகி, கூட்டில் முட்டாமல், காற்றும் போய்வர இடம் விட்டு மாட்டினார். மாட்டுவதற்கு முன் பற்றரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். டிக் டிக் என்று தலைமாட்டில் அடித்தால் எந்தப் பிள்ளை தூங்கும்? மணிக்கூடு பத்துப் பத்தில் நின்றது. சபியா உம்மா வந்து பார்த்தார். மணிக்கூட்டின் விளிம்பால் அடிக்காத சதுரத்தின் ஒரு மூலை எட்டிப் பார்த்ததை அவரும் பார்த்தார், கபூரும் பார்த்தார். இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து கால் மணித்தியாலத்தில் இரண்டு வான் வந்து நின்றது. ஆண்கள் ஹோலில் இருந்து மின்விசிறியைப் பார்த்தார்கள். றாபியா, தன் தங்கை ஆகிலாவும் இன்னும் நான்கு பெண்களும் பின்னால் வர, வீடு பார்க்கப் புறப்பட்டார். அவர் வீடு பார்த்தது ஒரு பரிசோதகர் பார்த்த மாதிரி இருந்தது. குழாயைத் திறந்தார், தண்ணி வேகமாக வருகிறது என்றார். கதவைத் தட்டினார், இது பலா இல்லையே என்றார். குசினியில் நின்று, அடுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கம் வேண்டாம் என்றார். கபூர் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். மற்றவர்கள் வீட்டு மீற்றருக்கு முன்னால் தான் நின்ற போது அந்த வீட்டுக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று வாழ்க்கையில் முதல்தடவை அவருக்கு விளங்கியது.

மாப்பிள்ளை அறை. றாபியா கட்டிலைப் பார்த்தார், அலுமாரியைத் திறந்து மூடினார், திரும்பினார்.

"மணிக்கூடு நிண்டிரிக்கி."

"பற்றரி முடிஞ்சிட்டு" என்றார் கபூர். சட்டைப் பைக்குள் பற்றரி கிடந்தது.

"கலியாண அறையில நிண்ட மணிக்கூடு நல்லமில்ல காக்கா. நம்மட ஊரில வெக்கமாட்டாங்க." றாபியாவின் குரலில் கோபம் இல்லை, அக்கறை இருந்தது, அதுதான் மோசம். "ஆகிலா, ஹோலில இரிக்கிற மணிக்கூட்டில பற்றரி கிடக்கும், கழட்டிட்டு வா."

ஆகிலா போய்க் கழற்றிக்கொண்டு வந்தார். ஹோல் மணிக்கூடும் நின்றது. கபூர் ஏணியில் ஏறினார். மணிக்கூட்டைச் சுவரிலிருந்து எடுக்காமல் பற்றரி போட முடியுமா என்று விரலை விட்டுப் பார்த்தார். பற்றரி போடும் இடம் பின்பக்கத்தின் நடுவில். உலகத்தில் எல்லா மணிக்கூட்டுக்கும் அப்படித்தான் என்பது நேற்று ஏன் யோசனையில் வரவில்லை என்று தெரியவில்லை.

"கழட்டுங்க காக்கா, ஏன் தடவிக்கிட்டு நிக்கீங்க?"

கழற்றினார்.

பிஸ்தாப் பச்சைச் சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம். சதுரத்தின் நடுவில் கைப்பிடி அளவு மண். அறையில் ஏழு பெண்கள் மூச்சு விடுவது நின்றது. வாசலில் நின்ற ஸப்னா நிலத்து ஓடுகளை எண்ணினாள்.

"ஆகிலா, என்ட கண்ணாடிய எடு" என்றார் றாபியா.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எத்தின நாளா இரிக்கி?"

கபூரிடம் ஒரு வாசிப்பைக் கேட்டால் அது தானாக வந்துவிடும். "முதல் அறை பூசி இருபத்தாறு நாள். கடைசி அறை பத்தொம்பது நாள். உள்ளுக்குச் சிலந்தி..."

சபியா உம்மா கண்ணால் ஒரு வெட்டு வெட்டினார். அவர் நிறுத்தினார்.

"அப்ப என்னத்துக்கு மறைச்சீங்க?"

இதற்குத்தான் நாலு நாளாக ஒருவரும் பதில் தயாரித்து வைக்கவில்லை. கபூர் ஏணியில் நின்றபடியே மணிக்கூட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னார்:

"மச்சி, ஊர் கதைக்கும் எண்டு இவ உடைக்கச் சொன்னா. எனக்குக் கை வரல்ல. முப்பத்தொரு வருசம் இதுகள உடைச்ச ஆள் நான். ஒண்டாவது தானாத் திறக்கிறதப் பாத்துட்டு மவுத்தாகலாம் எண்டு ஒரு ஆசை. புள்ளயில ஒரு பிழையும் இல்ல. பிழையெண்டா அது என்ட பிழை."

றாபியா கண்ணாடியைக் கழற்றினார்.

"உடைக்கிறதா? கலியாண வீட்டில வந்து கட்டினத உடைக்கிறதா?" அவர் சபியா உம்மாவின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன விசரா மச்சி? அறை ஆருக்குக் கட்டினது? என்ட மகனுக்கும் உங்கட மகளுக்கும். அறையப் பாத்து அது முன்கூட்டியே வந்து சொல்லிட்டுப் போயிரிக்கி. மாஷா அல்லாஹ். அஸ்கி வயித்தில வர முந்தி எங்கட வீட்டில மூண்டு கட்டினது. கலியாணம் முடியுமட்டும் இதில ஒருத்தரும் கை வெக்கப்படாது."

அறையில் மூச்சு திரும்பி வந்தது. நாலு நாளாகக் கூட்டுக்கு எதிரியாக இருந்த நம்பிக்கை ஒரே நிமிடத்தில் அதன் காவல்காரனாக மாறியதைக் கபூர் ஏணியில் நின்று பார்த்தார். தான் இவ்வளவு நாளும் கேலி செய்த கதைக்கு நன்றி சொல்ல வேண்டிய நிலைமை. அவர் சொல்லவில்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை.

அடுத்த பிரச்சினை உடனே ஆரம்பித்தது. கூடு வரிசையாக இருந்தால் ஆண் பிள்ளை, ஒன்றன்மேல் ஒன்றாகக் குமியலாக இருந்தால் பெண் பிள்ளை என்பது அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு.

"குமியல்தான்" என்றார் றாபியா. "பொம்புளப் புள்ள. சந்தோசம்."

மாப்பிள்ளை வீட்டுக்குச் சந்தோசமாகத்தான் இருக்கும். பெண் பிறந்தால் வீடு கட்டுகிற வேலை எந்தப் பக்கம் விழும் என்று சபியா உம்மாவுக்குத் தெரியாதா? இந்த வீட்டுச் சீமெந்தே இன்னும் காயவில்லை.

"நல்லாப் பாருங்க மச்சி. மேலால பூசினதால குமியல் மாதிரித் தெரியிது. உள்ளுக்கு வரிசைதான். ஆம்புளப் புள்ள."

"எங்க வரிசை? இந்தா, இதுக்கு மேல இது ஏறியிரிக்கே."

"அது கடைசியில கட்டினது. இடமில்லாம ஏறியிரிக்கி."

"காக்கா, நீங்கதானே படிச்சவர். சொல்லுங்க, வரிசையா குமியலா?"

ஒரு பக்கம் சம்பந்தி, ஒரு பக்கம் மனைவி. கபூர் கொப்பியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். "முதல் நாலும் வரிசை. அஞ்சாவது கொஞ்சம்..."

அப்போது றாபியாவின் கறுப்பு அபாயாவின் தோளில் ஒரு சிட்டிகை மண் விழுந்தது.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஐந்தாம் அறையில் கடுகளவு துவாரம். துவாரத்தின் விளிம்பை உள்ளேயிருந்து ஏதோ கடித்துக்கொண்டிருந்தது. மண் துகள் துகளாக உதிர்ந்தது. கபூரின் கை போனைத் தேடியது, கிடைக்கவில்லை, பிறகு தேடுவதை விட்டுவிட்டது. இருபத்தாறு நாளாக அவர் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்: கறுப்பு உடம்பு, மஞ்சள் கால், நூல் இடுப்பு. நிரோசனுக்குச் சொன்னார், தேத்தண்ணிக் கடையில் சொன்னார், பேஸ்புக்கில் எழுதினார்.

தலை வந்தது. பச்சை.

பிறகு உடம்பு. பச்சையும் நீலமும், செம்பில் பூச்சுப் பூசின மாதிரி, யன்னல் வெளிச்சம் பட்டு அறையே ஒரு நிமிடம் நகைக்கடை ஆனது. இடுப்பு நூலும் இல்லை, ஒன்றும் இல்லை. மருதமுனை மீற்றர் பெட்டியிலிருந்து பறந்து போன அதே ஆள். கூட்டின் மேல் நின்று முன்காலால் மீசையைத் துடைத்துக்கொண்டது.

"அல்லாவே, என்ன வடிவு!" என்றார் ஆகிலா.

கபூரின் மனதில் வடிவு வரவில்லை. கொப்பியின் ஒரு வரி வந்தது. "ஐந்தாம் அறையில் ஒரு சின்ன வட்டம். மண்ணின் நிறம் கொஞ்சம் வேறு." மீற்றரின் ஈயச் சீலைக் கழற்றிவிட்டுத் திரும்ப ஒட்டினவனை, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே பிடித்த மனுசன். எத்தனை பேரைப் பிடித்தார்! தன் சொந்த வீட்டில், மூக்குக்கு நேரே, ஒருத்தி வந்து சீலை உடைத்து, உள்ளே வேலை பார்த்துவிட்டு, திரும்ப ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். வாசிப்பாளர் "தாய் திருத்தியிருக்கிறது" என்று எழுதி வைத்திருக்கிறார்.

"இது என்ன காக்கா?" றாபியா கேட்டார். "இதுதான் குளவியா?"

சபியா உம்மா இருமினார். அந்த இருமலின் பொருள்: ஓம் என்று சொல்லுங்கள், எல்லோரும் வட்டிலப்பம் சாப்பிடப் போவோம்.

ஆனால் கபூர் முப்பத்தொரு வருடத்தில் ஒரு பொய் வாசிப்பு எழுதியவர் இல்லை. மனைவி வீட்டு மீற்றருக்கும் எழுதியதில்லை. அதற்காக மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறார்.

"இது கட்டினதுட புள்ள இல்ல மச்சி" என்றார். "நான் இவ்வளவு நாளும் சொன்னது பிழை. கட்டினவ வேற. அவ சாமானெல்லாம் வெச்சுப் பூட்டினதுக்குப் பொறகு, இதுட உம்மா வந்து சுவரில ஓட்டை போட்டு, தன்ட முட்டைய உள்ளுக்கு வெச்சிட்டு, மண்ணால அடைச்சிட்டுப் போயிரிக்கி. குயில் காகத்திட கூட்டில செய்யிற மாதிரி. இது ஒண்டும் கட்டல்ல. ஒண்டும் தேடல்ல. ஆரோ கட்டின வீட்டில இருந்து, ஆருக்கோ வெச்சதத் திண்டு வளர்ந்து, வடிவா உடுத்துக்கிட்டு வெளிய வருது."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மாப்பிள்ளையின் தாயிடம். மாப்பிள்ளை அறையில்.

ஹோலில் ஆண்களின் பேச்சு நின்றிருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது.

றாபியா பச்சைக் குளவியைப் பார்த்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார்: புதுக் கட்டில், அலுமாரி, பிஸ்தாப் பச்சை. அவருடைய வாய் ஒரு பக்கம் கோணியது. பிறகு தோள் குலுங்கியது.

"அப்ப எங்கட கரை மாப்பிள்ளை எண்டு நேராச் சொல்லுங்களன் காக்கா! என்ட வீட்டுக்கும் ஒண்டு இப்பிடித்தான் மினுங்கிக்கிட்டு வந்து ஏறிச்சி. முப்பது வருசமா வெச்சதத் திண்டுக்கிட்டு இரிக்கி. இப்ப மினுக்கம் மட்டும் இல்ல." ஹோல் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "கேக்குதா இஞ்சே?"

ஹோலிலிருந்து ஒரு இருமல் வந்தது. பெண்கள் சிரித்த சிரிப்பில் குளவி எழும்பி, ஒரு சுற்று சுற்றி, தச்சர் கொண்டுவந்து போட்ட புது யன்னலின் கண்ணாடியில் இரண்டு தடவை முட்டி, கபூர் ஓடிப் போய்த் திறந்து விட்டதும் மாமரத்துப் பக்கம் போனது. படம் ஒன்றும் எடுக்கவில்லை. இந்தத் தடவையும் ஆதாரம் இல்லை. ஆனால் ஏழு சாட்சிகள்.

அன்று எல்லோரும் போன பிறகு கபூர் கொப்பியை எடுத்து, தன் மேலேயே ஒரு முறைப்பாடு எழுதினார்: "ஐந்தாம் அறை. முந்திய வாசிப்பு பிழை. சீல் உடைக்கப்பட்டுத் திரும்ப ஒட்டப்பட்டிருந்தது. வாசிப்பாளர் கவனிக்கவில்லை." சபியா உம்மா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "நீங்க வந்த நாளில உங்களையும் நான் சரியா வாசிக்கல்லத்தான்" என்று சொல்லிவிட்டு, மிஞ்சின வட்டிலப்பத்தில் பெரிய துண்டை அவர் பக்கம் தள்ளினார்.

மற்ற அறைகளில் நான்கு, அடுத்த வாரம் ஒழுங்காகத் திறந்தன. கறுப்பு உடம்பு, மஞ்சள் கால், நூல் இடுப்பு. கபூர் நாலையும் ஸ்டூலில் இருந்து பார்த்தார். இரண்டு அறைகள் திறக்கவேயில்லை. அவற்றை உடைத்துப் பார்க்கலாமா என்று கேட்கும் தைரியம் யாரிடமும் அவருக்கு வரவில்லை. நிரோசன் சதுரத்தை அடித்து முடிக்க இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் அக்கரைப்பற்று உத்தரவு இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். கலியாணப் படங்களில் கதவுநிலைக்கு மேலே அந்த வெள்ளைச் சதுரம் விழத்தான் போகிறது. வரிசையா குமியலா என்பது இன்னும் முடியவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் போன் வழியாக நடந்துகொண்டிருக்கிறது.

கபூருக்கு மட்டும் ஒரு புதிய தொல்லை. றாபியா ஒவ்வொரு நாளும் லுஹருக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். முதல் நாள் ஒரு பொன்வண்டு. இரண்டாம் நாள் ஒரு கும்பிடுபூச்சி. மூன்றாம் நாள் குசினி அலுமாரிக்குக் கீழே எடுத்த ஒரு படம், கீழே ஒரு கேள்வி: "காக்கா இது என்ன, ஆம்புளயா பொம்புளயா?"

கபூர் படத்தைப் பெரிதாக்கினார். காலை எண்ணினார், மீசையை அளந்தார், ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தார். பிழை வாசிப்பு இன்னொன்று எழுத அவர் தயாரில்லை. பிறகு பதில் அனுப்பினார்:

"இடம்: அக்கரைப்பற்று, குசினி. இனம்: கரப்பான். இன்றைய வாசிப்பு: 1. குறிப்பு: இந்த 1ஐ நம்ப வேண்டாம் மச்சி."